பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கும் ஒரு மலைச்சரிவு

"நீலகிரிக்கு வருகிறவர்கள் பார்க்காமலே திரும்பிவிடும், ஆனால் விவரம் தெரிந்தால் வியக்கத் தக்க இடம் எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். உதகையில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில், ஊருக்கு அருகே முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியைத்தான் நான் சொல்வேன்.

சிறு வயதில் மாமாவின் கேரட் தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன். மலைச்சரிவில் மேலிருந்து கீழ்வரை வரிசையாக இரும்புச் சட்டங்கள் நிற்கும். அவற்றின் குறுக்கே மெல்லிய கம்பிகள் ஓடும். அது டிவி ஆன்டெனா என்று மாமா உறுதியாகச் சொல்வார். எந்த ஊருக்கு டிவி தெரிவதற்காக என்று கேட்டால் மட்டும் பேச்சு கேரட் விலைக்குத் திரும்பிவிடும். தொலைநோக்கி என்றால் ஒரு குழாயும் இரண்டு வில்லைகளும் என்று பள்ளியில் படித்திருந்த எனக்கும் அது தொலைநோக்கியாக இருக்கும் என்று தோன்றியதே இல்லை.

கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த இளம் விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய அந்தக் கருவி, 1970இல் செயல்படத் தொடங்கியது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். ஏறத்தாழ நான்கு ஏக்கர் பரப்பு. வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிரதிபலிப்பதற்கு அதில் உலோகத் தகடு கிடையாது. 24 பரவளையச் சட்டங்களின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்துக் கட்டப்பட்ட சுமார் 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளே அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று முடிந்தால் ஏறத்தாழ 580 கிலோமீட்டர் வரும். உதகையிலிருந்து சென்னைக்குப் போகும் தூரம் அது. தொலைநோக்கி வாங்கும் அலையின் நீளம் சுமார் 92 சென்டிமீட்டர் என்பதால், கம்பிகளுக்கு நடுவே உள்ள சில சென்டிமீட்டர் இடைவெளி அந்த அலைக்குப் பொருட்டே இல்லை. காற்றோ இடைவெளிகளில் புகுந்து போய்விடுகிறது. ஆடிக்காற்றில் தோட்டத்துக் கொட்டகையின் தகரம் பறப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆனால் நான் சொல்ல வந்த வியப்பு கம்பிகளில் இல்லை. அவற்றைத் தாங்கும் சரிவில் இருக்கிறது. பூமி தன் அச்சில் சுழல்வதால்தான் விண்பொருள்கள் கிழக்கிலிருந்து மேற்கே நகர்வதாகத் தெரிகின்றன. ஒரு தொலைநோக்கியைப் பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் பொருத்திவிட்டால், பூமி சுழலும் வேகத்தில் எதிர்ப்புறமாக அதைத் திருப்பிக்கொண்டே இருப்பது மட்டும் போதும். பார்க்கும் பொருள் பார்வையை விட்டு விலகாது. ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ, அத்தனை டிகிரி அந்த ஊரின் தரைமட்டத்திலிருந்து வடக்கு நோக்கி உயர்ந்திருப்பதுதான் பூமியின் அச்சு. உதகையின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. மேகமில்லாத மார்கழி இரவில், வடக்கே மலை மறைக்காத இடத்தில் நின்று கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பாருங்கள். அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டி உயரத்துக்குச் சற்று மேலே துருவ நட்சத்திரம் தெரியும். அந்தக் கோணம்தான் இது.

அரை கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அச்சைச் சமதரையில் 11 டிகிரி சாய்த்து நிறுத்த வேண்டுமானால், அதன் ஒரு முனை மறுமுனையைவிட நூறு மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். முப்பது மாடிக் கட்டடத்தின் உயரத்துக்குத் தாங்கு கோபுரம் எழுப்பும் செலவை நினைத்தே பார்க்க முடியாது. ஆகவே, வடக்கு நோக்கி 11 டிகிரி ஏறுகிற ஒரு மலைச்சரிவைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் மேலேயே தொலைநோக்கியைப் படுக்கவைத்துவிட்டார்கள். ஜெய்ப்பூரின் பழைய வானாய்வகமான ஜந்தர் மந்தரில் உள்ள பெரிய சூரியக் கடிகாரத்தின் சாய்சுவர், அந்த ஊரின் அட்சரேகையான 27 டிகிரிக்குக் கல்லால் கட்டப்பட்டது. முத்தோரையில் கட்டும் வேலையை மலை முன்பே முடித்து வைத்திருந்தது. அச்சு ஒன்றே என்பதால், ஒரு விண்பொருளைத் தொடர்ச்சியாக ஒன்பதரை மணி நேரம் பின்தொடர முடிகிறது. வடக்கு தெற்காகப் பார்வையை மாற்றுவதற்குத் தொலைநோக்கியை அசைக்க வேண்டியதே இல்லை. கம்பிகள் அலைகளைக் குவிக்கும் கோட்டில் வரிசையாக உள்ள 1,056 இருமுனை ஆன்டெனாக்கள் வாங்கும் அலைகளை மின்னணு முறையில் நேரத்தில் சற்று முன்பின்னாக இணைத்தே திசையை மாற்றிவிடுகிறார்கள்.

இவ்வளவு பாடும் முதலில் நிலவுக்காகத்தான். அக்காலத்து ரேடியோ தொலைநோக்கிகளால், தொலைதூர ரேடியோ மூலங்கள், அதாவது ரேடியோ அலைகளை வெளியிடும் விண்பொருள்கள், வானில் எவ்வளவு அகலம் உடையவை என்று நுட்பமாக அளக்க முடியவில்லை. நிலவு தன் பாதையில் போகும்போது அத்தகைய மூலம் ஒன்றை மறைத்தால், நிலவின் விளிம்பு அதைச் சிறிது சிறிதாக வெட்டிச் செல்லும். சமிக்ஞை எவ்வாறு தேய்ந்து மறைகிறது, மறுபுறம் எவ்வாறு மீள்கிறது என்பதைப் பதிவு செய்தால், ஒரு டிகிரியை 3,600 கூறாக்கி அதில் ஓரிரு கூறு அளவிலான நுட்பம் கிடைத்துவிடும். விண்வெளியில் மிதக்கும் ஒரு கத்தியை இலவசமாகப் பயன்படுத்திக்கொண்ட இந்த யோசனை, தொலைநோக்கியின் அமைப்பைவிடவும் எனக்குப் பிடித்தமானது.

இப்படி நூற்றுக்கணக்கான மூலங்களை அளந்ததில், மங்கலானவை சராசரியாகச் சிறியவையாகவும் இருப்பது தெரிந்தது. மங்கலானவை பெரும்பாலும் தொலைவில் இருப்பவை; அவற்றின் அலை வந்து சேர நெடுங்காலம் ஆவதால், நாம் காண்பது அவற்றின் பழங்கால நிலையை. தொலைவால் சிறிதாகத் தெரிவதைக் கணக்கில் கொண்டாலும் அந்த அளவுகள், பிரபஞ்சம் என்றும் ஒரே நிலையில் இருந்து வருகிறது என்ற கொள்கையோடு பொருந்தாமல், காலப்போக்கில் அது மாறி வந்திருக்கிறது என்ற பெருவெடிப்புக் கொள்கைக்கு ஆதரவாக அமைந்தன. இந்த முடிவுகளை ஸ்வரூப்பும் அவர் குழுவைச் சேர்ந்த விஜய் கபாஹியும் 1975இல் வெளியிட்டார்கள். நிலைத்த பிரபஞ்சக் கொள்கையின் பக்கம் நின்ற வானியற்பியலாளர் ஜயந்த் நார்லிகர் அப்போது அதே நிறுவனத்தில்தான் பணியாற்றிக்கொண்டிருந்தார் என்பது கூடுதல் சுவை.

வருடத்தில் பாதி நாள் பனிமூட்டத்தில் கிடக்கும் ஊரில் தொலைநோக்கிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஒளிக்குத்தான் மூட்டம் தடை; இந்த ரேடியோ அலைகளுக்கு இல்லை. பகலிலும் வேலை நடக்கும். சூரியனிலிருந்து வீசும் துகள்காற்றின் ஊடாக வரும்போது தொலைதூர மூலங்களின் ரேடியோ அலைகள் நட்சத்திரம் போல மினுமினுக்கும். அந்த மினுமினுப்பிலிருந்து காற்றின் வேகத்தைக் கணக்கிடுவது பல ஆண்டுகளாக இங்கே நடந்துவரும் முக்கியமான ஆய்வு.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு, அது டிவி ஆன்டெனா அல்ல என்று மாமாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மழை வருமா என்று அது சொல்லுமா என்றார். சூரியனிலிருந்து கிளம்பும் புயலைப் பற்றிச் சொல்லும் என்றேன். அதனால் கேரட்டுக்கு என்ன என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.