கியர் விழாத டிராக்டர்

கேள்வி: சம்பா சேற்றுழவுக்குப் பின் இரண்டு மாதம் கொட்டகையில் நின்ற டிராக்டர். இன்ஜினை அணைத்தால் கியர் விழுகிறது. ஓடும்போது ‘கரகர’வென்று கத்துகிறது, விழவில்லை. கியர்பாக்ஸைப் பிரிக்கலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: பிரித்துச் செலவு வைக்காதீர்கள். அணைத்தால் விழுகிறதென்றால் கோளாறு, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பிரித்துவிடும் கிளட்சில்தான். கிளட்ச் பெடலைக் கையால் அழுத்தி, கனம் தட்டும்வரை உள்ள தளர்வை அளந்து பாருங்கள். பல மாடல்களில் 20 முதல் 30 மி.மீ. அதற்கு மேலிருந்தால் லாக் நட்டைத் தளர்த்தி, பெடலைக் கிளட்சோடு இணைக்கும் லிங்க் ராடைத் திருகிச் சரிசெய்யுங்கள்.

அளவு சரியென்றால், ஈரத்தில் கிளட்ச் பிளேட் துருவேறி, இன்ஜினோடு சுழலும் கனச் சக்கரமான ஃபிளைவீலோடு ஒட்டியிருக்கும். அரை மணி ஓடவிட்டுச் சூடேற்றி அணையுங்கள். இன்ஜினை அணைக்கும் ஸ்டாப் குமிழை இழுத்து வைத்து, டாப் கியரில், கிளட்சை முழுக்க மிதித்தபடி, காலித் திடலில் இன்னொரு வண்டியால் மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். துருவுக்கென்று உள்ளே ஆயில் விட்டுவிடாதீர்கள், பிளேட் வழுக்கும். அடுத்த முறை நிறுத்தும்போது பெடலை அழுத்திக் கட்டையால் முட்டுக் கொடுங்கள்.