தம்பி கம்பஸில் குடிக்கத் தொடங்கிவிட்டான், கேட்டால் "எல்லாரும் குடிக்கிறாங்கள்" என்கிறான். பயப்பட வேண்டுமா?

கேள்வியில் நீங்கள் சொன்னதைச் சுருக்கினால் இதுதான்: தம்பி ஊரிலிருந்து வந்து கொழும்பில் முதலாம் வருஷம் படிக்கிறான், தெஹிவளையில் போர்டிங், வெள்ளிக்கிழமை இரவில் போன் எடுத்தால் பேச்சு குழறுகிறது, கேட்டால் "எல்லாரும் குடிக்கிறாங்கள் அக்கா, பியர்தானே" என்கிறான், அம்மாவிடம் சொல்வதா விடுவதா என்று உங்களுக்குக் குழப்பம். அவன் பிற்காலத்தில் குடிகாரன் ஆகிவிடுவானோ என்பது உங்கள் பயம். எனக்கு அதைவிட வருகிற வெள்ளிக்கிழமையைப் பற்றித்தான் பயம். அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நான் டொக்டரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து மரைன் டிரைவ் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில். மேல் மாடியை அம்மா பல வருஷமாகக் கம்பஸ் பொடியன்களுக்குத்தான் வாடகைக்குக் கொடுக்கிறா. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மன்னார், ஹட்டன் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவாங்கள். அம்மா அவங்களுக்கு அன்ரி, நான் அக்கா. வீட்டுச் சட்டம் கண்டிப்பானது: சிகரெட் இல்லை, தண்ணி இல்லை, பத்து மணிக்கு கேட் பூட்டு. "எங்கட பொடியன்கள் தொடமாட்டாங்கள்" என்றுதான் அம்மா இன்றைக்கும் ஊருக்குச் சொல்லுவா. போத்தல் பேப்பர்காரரைக் கேட்டால் வேறு கதை சொல்லுவார்.

அந்தச் சட்டத்தால் என்ன நடந்தது என்றால், பொடியன்கள் அவசர அவசரமாகக் குடிக்கப் பழகினாங்கள். பத்து மணிக்குள் திரும்ப வேண்டும், திரும்பும்போது அன்ரியின் முகத்தைப் பார்த்து நிதானமாக நாலு வார்த்தை பேசிவிட்டுப் படியேறவும் வேண்டும், அதனால் லெக்சர் முடிந்த கையோடு யாராவது ஒருவனின் அறையில் கூடி ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாவற்றையும் இறக்கிவிடுவாங்கள். சாப்பாட்டுக் காசும் போத்தலுக்கே போய்விடும், பைட்ஸ் என்று பெயருக்கு ஒரு பக்கெட் கடலை. போயாவுக்கு, அதாவது பௌர்ணமி விடுமுறைக்கு, முதல் நாள் இன்னும் மோசம். அடுத்த நாள் கடை பூட்டு என்று இரண்டு நாளுக்கானதை வாங்கி ஒரே இரவில் முடித்துவிடுவாங்கள். மாமாமார் ஊரில் கல்யாண வீட்டில் பின்னேரம் தொடங்கி நடுச்சாமம் வரை இழுத்துக் குடிப்பதை நானும் பார்த்திருக்கிறேன், அதை நல்லது என்று சொல்ல வரவில்லை, ஆனால் வெறும் வயிற்றில் ஒரு மணித்தியாலத்தில் குடிப்பது உடம்புக்கு வேறு விஷயம்.

"பியர்தானே" என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுங்கள். இங்கே பொடியன்கள் வாங்குவது பெரும்பாலும் 8.8 வீத ஸ்ட்ரோங் பியர். 625 மில்லிலீற்றர் பெரிய போத்தல் ஒன்றில் ஏறத்தாழ 43 கிராம் சுத்த அற்ககோல் இருக்கிறது. 33.5 வீதச் சாராயத்தில் கால் போத்தல், அதாவது 180 மில்லிலீற்றர், எடுத்தால் கிட்டத்தட்ட 47 கிராம். அதாவது ஒரு பெரிய பியரைத் தனியே முடித்தவன் ஒரு கால் போத்தல் சாராயத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டான், ஆனால் "நான் சாராயம் தொடமாட்டேன்" என்று பெருமையும் பேசுவான்! ஒரே தடவையில் 60 கிராமைத் தாண்டினால் அதை அளவு மீறிய குடி என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கெடுக்கிறது, அதற்கு இந்தப் பியரில் ஒன்றரைப் போத்தல் போதும். ஈரல் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் எரிக்கும். தேசிக்காய்த் தண்ணி, பிளேன்ரீ, தலைக்குக் குளிப்பது எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. குளித்து வெளிக்கிட்டவன் குளித்த குடிகாரன், அவ்வளவுதான்.

ஒரு முறை எங்கள் மாடியில் இருந்த முதலாம் வருஷப் பொடியன் ஒருவனை நண்பர்கள் தூக்கிக்கொண்டு வந்தாங்கள். அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம். அவன் தட்டினாலும் கிள்ளினாலும் எழும்பவில்லை, கை சில்லென்று இருந்தது, வாயோரம் வாந்தி. இவங்கள் அவனை மல்லாக்கப் படுக்கவைத்து முகத்துக்குத் தண்ணி அடித்துக்கொண்டிருந்தாங்கள். "நித்திரை கொண்டால் சரியாகிடும் அக்கா, அன்ரிக்குச் சொல்லிடாதீங்கோ" என்பதுதான் என்னிடம் வந்த முதல் வார்த்தை. நான் அவனை ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து 1990க்கு அடித்தேன். சுவசெரிய அம்புலன்ஸ், காசு ஒன்றும் இல்லை. வந்தவர்கள் எங்கே குடித்தாய், யாரோடு குடித்தாய் என்று எந்த விசாரணையும் வைக்கவில்லை, ஏற்றிக்கொண்டு போனார்கள், பிழைத்தான். அவன் இப்போது நல்ல வேலையில் இருக்கிறான், அது வேறு கதை. அந்த இரவில் என்னை உலுக்கியது மற்ற மூன்று பேரும்தான். மூன்று பேருக்கும் மூளை இருக்கிறது, உயர்தரத்தில் நல்ல இசட் ஸ்கோர் எடுத்து வந்தவங்கள், ஆனால் நண்பன் செத்துவிடுவானோ என்பதைவிட வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்கிற பயம் அவங்களுக்குப் பெரிதாக இருந்தது.

அதனால்தான் உங்கள் அம்மாவை இப்போதைக்கு விடுங்கள் என்கிறேன். அம்மாவுக்குத் தெரிந்தால் அழுகை, கோயிலில் சத்தியம், மாமாவைக் கொழும்புக்கு அனுப்புவது என்று ஒரு கிழமை ஓடும், அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவன் போனை எடுக்கமாட்டான். இப்போது குழறிக்கொண்டாவது உங்கள் போனை எடுக்கிறான் இல்லையா, அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பகலில், அவன் நிதானமாக இருக்கும்போது, நேரே சொல்லுங்கள்: "எழுப்பியும் எழும்பாதவன், விட்டு விட்டு மூச்சு விடுகிறவன், உதடு நீலமானவன் நித்திரை கொள்ளவில்லை. சரித்துப் படுக்கவை, தனியே விடாதே, 1990க்கு அடி, பிறகு எனக்கு அடி, நான் ஏசமாட்டேன்." மயங்கின பிறகும் வயிற்றில் கிடப்பது இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதையும் சொல்லுங்கள், அது பலருக்குத் தெரியாது.

அப்புறம் இந்த "எல்லாரும் குடிக்கிறாங்கள்". இது பச்சைப் பொய், ஆனால் அவன் வேண்டுமென்று சொல்கிற பொய் இல்லை. அமெரிக்காவில் பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இரண்டு பேர் 1986இலேயே எழுதினார்கள், மாணவர்கள் மற்ற மாணவர்களின் குடியை உண்மையைவிடக் கூடுதலாகவே மதிப்பிடுகிறார்கள் என்று. சத்தம் போடுகிற ஐந்து பேர் கண்ணில் படுவாங்கள், அறையில் டியூட் (பாடப் பயிற்சி) செய்துகொண்டிருக்கிற முப்பது பேர் படமாட்டாங்கள். இலங்கையில் 2015இல் எடுத்த தேசிய ஆய்வில் கடந்த 30 நாளில் குடித்ததாகச் சொன்ன ஆண்கள் மூன்றில் ஒரு பங்குதான், பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட வரவில்லை. (பெண்கள் எண்ணிக்கையை நான் முழுதாக நம்பவில்லை. இந்த நாட்டில் எந்தப் பெண் ஆய்வுக்கு வந்தவரிடம் "ஓம்" என்று சொல்லப்போகிறாள்?) எங்கள் மாடியிலேயே தொடாதவங்கள்தான் எப்போதும் கூட, அவங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

சட்டத்தை நம்பி இருக்காதீர்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது, விளம்பரமும் கூடாது, டிவியில் கிளாஸை மங்கலாக்கிக் காட்டுகிறார்கள், ஆனால் மீசை அரும்பினால் கடைக்காரர் வயது கேட்பது அபூர்வம். ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள், முதல் ஷொட்டை யார் ஊற்றிக் கொடுத்தது என்று. சீனியர்மார் கட்டாயப்படுத்தியிருந்தால் அது பகிடிவதை, 1998இலிருந்து அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது.

எப்போது இது பட்ச் பார்ட்டி விளையாட்டைத் தாண்டிவிட்டது என்று எடுக்கலாம்? என் கண்ணில் பட்டவரை, தனியே குடிக்கத் தொடங்கும்போது. கூட்டத்தில் கூத்தடிக்கிறவனைவிட, அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நித்திரை வரவேண்டும் என்று குடிக்கிறவனைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். பெரும்பாலும் அதற்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கும், ஆங்கிலத்தில் நடக்கிற லெக்சர் விளங்காமல் இருக்கலாம், ரிப்பீட் விழுந்திருக்கலாம், காதல் முறிந்திருக்கலாம், வீட்டில் கடன் இருக்கலாம். மகாபொல புலமைப்பரிசில் காசு வந்த கிழமையிலேயே தீர்ந்து கடன் கேட்பது, காலை லெக்சர் தொடர்ந்து தவறுவது, முதல் நாள் இரவு நடந்தது சுத்தமாக நினைவில்லாமல் போவது, இவையும் சேர்ந்தால் தாமதிக்க வேண்டாம், அப்போது அம்மாவுக்கும் சொல்லத்தான் வேண்டும். தினமும் நிறையக் குடிக்கிற நிலைக்குப் போயிருந்தால் மட்டும் "இன்றோடு நிறுத்து" என்று திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள், வலிப்பு வரலாம், டொக்டர் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

கதைக்க ஆள் வேண்டுமென்றால் 1926 அங்கொடைத் தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், 1333இல் மூன்று மொழியிலும் இலவசமாகக் கதைக்கலாம். நேரே போவதென்றால் கொழும்பு ஹோர்ட்டன் பிளேஸில் சுமித்ரயோ என்ற தொண்டு நிறுவனம் நடத்துகிற மெல் மெதுர இருக்கிறது, குடி, போதைப் பிரச்சினைக்கென்றே உள்ள இடம். அவன் வரமாட்டேன் என்று நின்றால் முதலில் நீங்கள் மட்டும் போய்வாருங்கள், குடிக்கிறவரின் வீட்டாரோடும் அங்கே கதைப்பார்கள்.