சட்டைப்பையில் கனக்காத கத்தி

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறேன், ஏசி சர்வீஸ் வேலை. தினமும் நாலைந்து வீடு ஏறி இறங்குகிறேன். பார்சல் டேப் கிழிக்க, கேபிள் டை அறுக்க, மதியம் ஒரு கொய்யாப்பழம் நறுக்க என்று பாக்கெட்டில் ஒரு மடக்குக்கத்தி வைத்துக்கொள்ள ஆசை. கடையில் எடுத்துக் காட்டுவதெல்லாம் கல் மாதிரி கனக்கிறது, சட்டைப்பையே கிழிந்துவிடும் போலிருக்கிறது. எடை குறைவாக, உழைக்கிற மாதிரி எதை வாங்கலாம் சார்? லாக் உள்ளது வேண்டுமா, இல்லாதது போதுமா?

பதில்: முதலில் எடையைக் கேட்டீர்களே, அதுதான் சரி. கனமான கத்தியை முதல் வாரம் ஆசையாக எடுத்துப் போவோம். அடுத்த வாரம் அது வண்டி டிக்கிக்குப் போகும். அதற்கடுத்து வீட்டு அலமாரியில் கிடக்கும். கையில் இல்லாத கத்தி எவ்வளவு நல்ல இரும்பாக இருந்து என்ன பயன்?

ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய் நாணயம் ஒன்று 7.71 கிராம். சட்டைப்பையில் ஆறு நாணயம் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்க மாடி ஏறி இறங்கிப் பாருங்கள். ஏறக்குறைய 46 கிராம். அதற்கு மேல் போனால் குனியும்போதெல்லாம் பை முன்னால் தொங்கும், கத்தி நழுவி விழும். ஆகவே சட்டைப்பைக்கு 50 கிராமுக்குள், பேன்ட் பாக்கெட்டுக்கு 80 கிராமுக்குள் என்பது என் கணக்கு. கடையில் தராசு இல்லாவிட்டால் மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தாலும் தப்பில்லை.

கனம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலும் அலகிலிருந்து வருவதில்லை, கைப்பிடிக்குள் இருக்கும் எஃகுத் தகடுகளிலிருந்தும் தேவையில்லாத கருவிகளிலிருந்தும்தான் வருகிறது. ரம்பம், கத்தரிக்கோல், ஸ்க்ரூ டிரைவர் என்று ஒவ்வொரு அடுக்கும் சேரச் சேர எடை ஏறும். உங்களிடம் டூல் பை தனியாக இருக்கிறது. கத்தியில் ஒரு அலகு இருந்தால் போதும். கைப்பிடி அலுமினியமோ, நைலானோ, மரமோ, எதுவானாலும் சரி.

அடுத்தது அலகின் பருமன். இதை யாரும் பார்ப்பதில்லை, எனக்கு அதுதான் ஆதங்கம். அலகின் முதுகுப்பக்கம் மூன்றரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கிற கத்தியை ‘ஸ்ட்ராங்’ என்று சொல்லி விற்பார்கள். அதை வைத்துக் கொய்யாவை அறுத்துப் பாருங்கள். அறுபடாது, ஆப்பு அடித்த மாதிரி பட்டென்று பிளந்து ஒரு பாதி தரையில் ஓடும். இரண்டு மில்லிமீட்டர் அலகு சத்தமில்லாமல் இறங்கி, விதையோடு மெல்லிய வில்லையாக வெட்டும். டேப்புக்கும் அட்டைப்பெட்டிக்கும் இதே கதைதான். நீளம் ஆறேழு சென்டிமீட்டர் இருந்தால் ஒரு மனிதனின் அன்றாட வேலை அத்தனையும் அடங்கிவிடும்.

பெயர் சொல்லிக் கேட்பீர்கள், சொல்கிறேன். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ், 1884-இல் தொடங்கிய நிறுவனம். அவர்களுடைய 84 மில்லிமீட்டர் அலுமினியக் கைப்பிடிக் கத்தியான ‘கேடட்’ நான் மேலே சொன்ன ஆறு நாணய எடைதான். 58 மில்லிமீட்டரில் வரும் ‘கிளாசிக்’ இன்னும் சின்னது, மூன்று நாணய எடைக்குள் வரும், சாவிக்கொத்தில் மாட்டலாம். ஆனால் உங்கள் உள்ளங்கைக்கு அது பத்தாது. பிரான்சின் ஒப்பினெல் 1890-லிருந்து இருக்கிறது. மரக்கைப்பிடி, ஒற்றை அலகு, கழுத்தில் திருகிப் பூட்டும் ஒரு வளையம். அதில் 6-ஆம் எண் கத்தியின் அலகு 7 சென்டிமீட்டர். மெலிந்த அலகு, பழம் நறுக்க அதற்கு நிகர் குறைவு. மரம் என்பதால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் குடித்துக் கொஞ்சம் உப்பும், திறக்க இறுக்கமாகும். மரக்கைப்பிடி எதுவானாலும் அது இயல்பு, காய்ந்தால் சரியாகிவிடும். தினமும் ஈரக்கையோடு வேலை செய்கிற உங்களுக்கு நான் அலுமினியத்தைத்தான் சொல்வேன்.

இனி லாக், அதாவது திறந்த அலகு மடங்காமல் பிடித்து நிறுத்தும் பூட்டு. இதில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது, ஆனால் என் வலது ஆள்காட்டி விரலில் இருக்கும் மூன்று தையல் தழும்பு சொல்லும் கருத்து அது. பல வருடம் முன்னால் நடைபாதையில் ஒரு லாக் கத்தி வாங்கினேன். திறந்தால் ‘டக்’ என்று சத்தம் வரும், அந்தச் சத்தத்தில் மயங்கித்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்த ஃபிரிட்ஜ் பெட்டியின் நைலான் பட்டையை அறுக்க, அலகின் முனையை உள்ளே செருகி மேல்நோக்கி நெம்பினேன். உள்ளே இருந்த பூட்டுத்தகடு தாள் மாதிரி மெல்லியது, அலகின் அடியை அரை மில்லிமீட்டர்கூடத் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. வழுக்கியது. அலகு விரல் மேலேயே மடங்கியது. வலிக்கு முன்னால் ஒரு குளிர்ச்சிதான் தெரிந்தது.

லாக் இல்லாத கத்தியில், உள்ளே இருக்கும் வில்தகடு மட்டும் அலகைத் திறந்த நிலையில் தாங்கும். முதுகுப்பக்கம் அழுத்தினால் மடங்கும் என்று கைக்குத் தெரியும், அதனால் கை தானாகவே ஜாக்கிரதையாக இருக்கும். மட்டமான லாக் கத்தி அந்த ஜாக்கிரதையைப் பிடுங்கிக்கொண்டு பதிலுக்கு எதையும் தராது. நல்ல லாக் நல்லதுதான். ஆனால் குறைந்த விலையில் வாங்குவதென்றால் லாக் இல்லாத நல்ல கத்தியை வாங்குங்கள். எந்தக் கத்தியானாலும் முனையைச் செருகி நெம்பாதீர்கள். கத்தி அறுக்கத்தான்.

கடையில் நின்று பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: அலகைத் திறந்து நுனியை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடினால் வைத்துவிடுங்கள். மூடும்போது அலகு நட்டநடுவில் இறங்க வேண்டும், ஒரு பக்கம் உரசக்கூடாது. பாதி திறந்து கையை எடுத்தால் அலகு தொளதொளவென்று விழக்கூடாது. கடைசியாக ஒரு பழைய பேப்பரைக் கேட்டு வாங்கி, ஓரத்திலிருந்து கீழே இழுங்கள். நேராகப் போக வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், பணம் உங்களுடையது.

ஒன்று மட்டும் தொழில் விஷயமாக. கரன்ட் இருக்கும் ஒயரில் இந்தக் கத்தியைத் தொடவே தொடாதீர்கள். அலுமினியக் கைப்பிடி மின்சாரத்தைத் தடுக்காது. ஒயர் தோல் உரிக்க ஸ்ட்ரிப்பர் இருக்கிறது.

கேள்வி: வேளச்சேரியிலிருந்து கிண்டி வழியாகத் தினமும் வேலைக்குப் போகிறேன். ஹேண்ட்பேகில் பழம் நறுக்க ஒரு சின்னப் பேனாக்கத்தி இருக்கிறது. இதை வைத்திருப்பது சட்டப்படி குற்றமா? போலீஸ் பிடிக்குமா என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: பயப்பட வேண்டாம் அம்மா. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன் கீழ் வந்த 2016-ஆம் ஆண்டு விதிகளும் ஆயுதம் என்று கணக்கில் எடுப்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை. வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்த கருவிகளை அந்த வகையிலிருந்து விலக்கியும் வைத்திருக்கிறார்கள். உங்கள் பேனாக்கத்தி அந்த அளவில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. இறகைச் சீவி எழுதிய காலத்தில் வந்த பெயர் அது, அதன் வேலை அவ்வளவு சாது.

ஆனால் சட்டத்தில் இடம் இருப்பது வேறு, வாசலில் விடுவது வேறு. விமான நிலையத்தில் கைப்பையில் கத்தி எந்த அளவிலும் போகாது, செக்-இன் பெட்டியில் வைத்துவிடுங்கள். மறந்துபோய் வரிசையில் நின்றால் கத்தியை அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். மெட்ரோவில் பையை ஸ்கேனரில் போட்டால் நிறுத்திக் கேட்கக்கூடும். அங்கே வாதாடுவதைவிட மெட்ரோவில் போகிற நாளில் கத்தியை வீட்டில் வைப்பது நல்லது. உயர்நீதிமன்றம், தலைமைச் செயலகம், தியேட்டர் எல்லாவற்றுக்கும் அப்படியே.

பட்டன் கத்தி மட்டும் வேண்டவே வேண்டாம். அழுத்தினால் பாய்ந்து திறக்கிற கத்தி பழம் நறுக்க வாங்கியது என்று யாரிடமும் நம்பவைக்க முடியாது. நகத்தால் இழுத்து, இரண்டு கையால் திறக்கிற கத்தியைப் பார்த்ததுமே இது வீட்டுச் சாமான் என்று தெரியும். தற்காப்புக்கு என்று சொல்லி விற்றாலும் வாங்காதீர்கள். பிடுங்கினால் அது எதிராளியின் கையில் இருக்கும்.

கேள்வி: திருவொற்றியூரில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. ‘டி2 ஸ்டீல்’ என்று பெருமையாக வாங்கிய கத்தியில் மூன்றே மாதத்தில் பழுப்புப் புள்ளிகள். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்றியிருக்க வேண்டும் என்பதில்லை. எஃகில் குரோமியம் 10.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஸ்டெய்ன்லெஸ் என்பார்கள். டி2-வில் சுமார் 12 சதவீதம் இருக்கிறது. ஆனால் அதில் கார்பன் அதிகம், ஒன்றரை சதவீதம் அளவுக்கு. அந்தக் கார்பன் குரோமியத்தில் ஒரு பங்கைத் தன்னோடு கட்டிப்போட்டுவிடும். துருவைத் தடுக்க மிச்சம் இருப்பது குறைவு. கூர் நீண்ட நாள் நிற்கும், உப்புக்காற்றில் புள்ளி விழும். வெயில் ஊர் மட்டுமா நம்முடையது, ஜன்னல் கம்பியையே தின்கிற காற்று அடிக்கிற ஊர். உங்கள் வீட்டுக்குக் கூர் சீக்கிரம் மழுங்கினாலும் துருப்பிடிக்காத சாதா ஸ்டெய்ன்லெஸ்தான் பொருத்தம். மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம், துரு குழி போட்டால் திரும்பாது. ஒப்பினெல் வாங்குகிறவர்களும் கார்பன் அலகை விட்டு, ‘இனாக்ஸ்’ என்று பொறித்த ஸ்டெய்ன்லெஸ் அலகைக் கேட்டு வாங்குங்கள். மாங்காயும் எலுமிச்சையும் கார்பன் அலகை அறுக்கும்போதே கறுக்க வைக்கும்.

புள்ளிகளை ஈரமான பேக்கிங் சோடாவால் தேய்த்து எடுங்கள். துடைத்து, கீல் பகுதியில் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து வைக்கும்.

‘சர்ஜிக்கல் ஸ்டீல்’, ‘ஜப்பான் ஸ்டீல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது எந்த ரகத்தின் பெயரும் இல்லை. அலை அலையாக டமாஸ்கஸ் கோலம் போட்ட மலிவுக் கத்தியும் பெரும்பாலும் மேலே லேசரில் பொறித்ததுதான். ஈரோடு பக்கத்துக் கொடுமணலில் அந்தக் காலத்திலேயே உலை வைத்து இரும்பை உருக்கிய ஊர்க்காரர்கள் நாம். இந்தப் பூச்சுக்கு ஏமாறக்கூடாது.

கேள்வி: தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் மடக்குக்கத்தியைத் தீட்டலாமா? (சைதாப்பேட்டை)

பதில்: அரிவாள்மனையையும் வெட்டுக்கத்தியையும் தாராளமாகக் கொடுங்கள், அவர்கள் பிழைப்பு நடக்க வேண்டும். மெல்லிய பேனாக்கத்தியைக் கொடுக்க எனக்கு மனம் வராது. பெடலை மிதிக்க மிதிக்கப் பொறி பறக்கிறதே, அந்தச் சூட்டில் கூர் ஓரம் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் டெம்பர், அதாவது எஃகுக்கு ஏற்றிய பதம், போய்விட்டது என்று அர்த்தம். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. கொடுத்தே ஆகவேண்டுமென்றால் பக்கத்தில் நின்று, அடிக்கடி தண்ணீரில் தோய்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் பீங்கான் காபி கப் இருக்கிறதா? கவிழ்த்தால் அடியில் பளபளப்பில்லாத ஒரு வளையம் தெரியும். அதில் அலகை 15 முதல் 20 டிகிரி சாய்த்து, பக்கத்துக்குப் பத்து இழுப்பு, மெதுவாக. சின்னக் கத்திக்கு அது போதும்.

கேள்வி: ஆன்லைனில் பிராண்ட் கத்தி ஆர்டர் செய்தேன். வந்தது போலி. விற்பனையாளர் ‘ரிட்டர்ன் கிடையாது’ என்கிறார். 1,800 ரூபாய்க்கு என்ன செய்ய முடியும்? (அண்ணா நகர்)

பதில்: நிறையச் செய்யலாம், விடாதீர்கள். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? இறக்குமதிப் பொருளின் பாக்கெட்டில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச விலை, மாதமும் வருடமும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் பாக்கெட் பொருள் விதி. இவை இல்லையென்றால் அதுவே உங்கள் முதல் ஆதாரம். படம் எடுத்து வையுங்கள்.

அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். சொன்ன பொருளுக்கு மாறாகப் போலியை அனுப்பிவிட்டுத் திருப்பி எடுக்க மறுக்கக்கூடாது என்றும் அதே விதிகளில் இருக்கிறது. அசையவில்லையா, 1915-க்குப் போன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆன்லைனிலேயே மனு கொடுக்கலாம்.

அந்தப் போலிக் கத்தியைத் தீட்டிப் பயன்படுத்திப் பார்க்கிற ஆசை வரும். வேண்டாம். வந்த நிலையிலேயே பெட்டிக்குள் வைத்திருங்கள், ஆணையத்தில் கேட்பார்கள்.