குடியை நிறுத்தி மூன்றாம் நாள், கை நடுங்குகிறது: வீட்டில் வைத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். இன்றைக்கே, இருட்டுவதற்குள், களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

பத்து வருடம் தினமும் கசிப்பு (கள்ளச் சாராயம்) குடித்த அண்ணா ஞாயிறு நிறுத்தினார், இப்போது வியர்த்து நடுங்குகிறார், சுவரில் எறும்பு ஊர்வதாகச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா சொல்வதுபோல் இது பேய்க்குணம் இல்லை. சாராயத்துக்குப் பழகிய மூளை அது திடீரென்று நின்றதும் தறிகெட்டு ஓடுகிறது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். கடும் குழப்பம் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் தொடங்கும். உயிரையே எடுக்கக்கூடியது.

கையை நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லுங்கள், நடுக்கம் எவ்வளவு என்று தெரியும். இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். சரியாகச் சொன்னாலும் எறும்பு தெரிவதே போக வேண்டிய காரணம்.

என் சித்தப்பாவை நாங்கள் அறைக்குள் பூட்டி வைத்தோம். மூன்றாம் இரவு வலிப்பு வந்து கட்டில் விளிம்பில் நெற்றி பிளந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தயவுசெய்து பூட்டாதீர்கள், கட்டாதீர்கள்.

வலிப்பு வந்தால் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். பார்மசியில் நித்திரைக் குளிசை வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம்.

கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதை மறைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். நடுக்கம் அடங்குவது பாதிதான். அப்புறம் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவில் தொடர்ந்து காட்ட வேண்டும். ஆலோசனைக்கு 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அடியுங்கள்.