அரைத்து அரைத்தும் அடைக்காத வால்வு

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் தர்மபுரத்தில் லேத் வேலை செய்கிறேன். ஓய்வு நேரத்தில் ஒற்றைச் சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி எஞ்சின் ஒன்று செய்து வருகிறேன். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 24 மி.மீ., ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஓடும் தூரம்) 24 மி.மீ. ஹெட் அலுமினியம். வால்வின் தலை அமரும் சீட்டையும், அதன் தண்டு வழுக்கும் குழாயான கைட்டையும் தனித்தனியாகப் பித்தளையில் கடைந்து இறுக்கிப் பொருத்தினேன். வால்வுகள் ஸ்டெயின்லஸ் போல்ட்டில் கடைந்தவை. பல தடவை பேஸ்ட் வைத்து அரைத்து கிறைண்ட் பண்ணியும் மண்ணெண்ணெய் ஊற்றினால் கசிகிறது. கையால் சுற்றினால் அமுக்கமே இல்லை. வாக்குவம் பம்போ கேஜோ என்னிடம் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் கிறைண்டிங் பேஸ்ட் டப்பாவை மூடி வையுங்கள். இனிமேல் அரைக்க அரைக்க நிலைமை மோசமாகத்தான் போகும்.

எங்கள் பக்கத்தில் அமுக்கம் குறைந்தால் உடனே ஹெட்டைக் கழற்றி வால்வை கிறைண்ட் பண்ணுவது கைப்பழக்கமாகிவிட்டது. 90களில் வடக்கில் இருந்த பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமல், நீரிறைக்கும் மெசினும் மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில் ஓடிய நாட்களில் அது சரியான வைத்தியம்தான். அங்கே சீட்டும் கைட்டும் தொழிற்சாலையில் ஒரே மையத்தில் வெட்டப்பட்டவை. மேலே படிந்த கரியையும் சின்னச் சின்னக் குழிகளையும் எடுத்துவிட்டால் வால்வு பழையபடி அடைக்கும். நீங்கள் வைத்திருப்பது புதிதாகச் செய்த சீட். அதன் மையமே விலகியிருந்தால் பேஸ்ட் அதைத் திருத்தாது. சீட்டை அகலமாக்கும், வால்வின் முகத்தில் ஒரு பள்ளம் தோண்டும், அவ்வளவுதான்.

உங்கள் ஹெட்டில் சிக்கல் எங்கே தொடங்கியது என்பது கேள்வியிலேயே இருக்கிறது. சீட் தனி, கைட் தனி. இரண்டையும் தனித்தனித் துளையில் அடித்து இறக்கும்போது மையம் விலக 0.03 மி.மீ. போதும். வால்வின் தண்டு கைட் சொல்கிற இடத்தில்தான் நிற்கும். சீட் வேறிடத்தில் இருந்தால் ஒரு பக்கம் தொடும், எதிர்ப்பக்கம் தொடாது. இதைப் பார்க்க ஒரு பென்சில் போதும். வால்வின் சாய்ந்த முகத்தில் குறுக்காக எட்டுப் பத்துக் கோடுகள் போட்டு, சீட்டில் வைத்து, அழுத்தாமல் ஒரு முழுச் சுற்று மட்டும் திருப்பி எடுங்கள். எல்லாக் கோடும் ஒரே இடத்தில் அறுந்திருந்தால் வால்வின் முகம் நேர். அப்புறம் கோடுகளைச் சீட்டில் போட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். சீட்டின் ஒரு பாதியில் மட்டும் கோடுகள் அழியாமல் நின்றால் சீட்தான் குற்றவாளி.

இதற்கு நான் சொல்லும் வழி, சீட்டும் கைட்டும் ஒரே துண்டாக இருக்கும் வெண்கலக் கூடு. பொஸ்பர் பிரொன்ஸ் கிடைத்தால் நல்லது. கிளிநொச்சியில் பழைய புஷ் வைத்திருக்கும் கடைகளிலும், முல்லைத்தீவுப் பக்கம் படகு எஞ்சின் திருத்துபவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். பித்தளையும் ஓடும், ஆனால் எக்ஸ்ஹோஸ்ட் பக்கத்துச் சூட்டில் சீக்கிரம் தேயும். உங்கள் அளவுக்கு 8 மி.மீ. தலையும் 3 மி.மீ. தண்டும் உள்ள வால்வு பொருத்தம் என்று வைத்துக்கொண்டால், கூட்டின் வெளிப்பக்கம், 2.9 மி.மீ. துளை, அதைச் சரியான அளவுக்குச் சீவும் 3 மி.மீ. ரீமர், சீட்டுக்கு உள்ளே காற்று போகும் 6.5 மி.மீ. தொண்டை எல்லாவற்றையும் சக்கிலிருந்து கழற்றாமல் ஒரே பிடியில் முடிக்க வேண்டும். சீட்டை அப்போது முழுமையாக வெட்ட வேண்டாம். கூட்டை ஹெட்டில் பொருத்தும்போது துளை கொஞ்சம் சுருங்கும், வளையும். சூடு தாங்கும் ரிடெய்னிங் காம்பவுண்ட் (உலோகத்தை உலோகத்தோடு பிடித்துவைக்கும் பசை) பூசி, 0.02 அல்லது 0.03 மி.மீ. தளர்வோடு வைப்பதே எனக்குப் பிடித்த முறை. அடித்து இறக்குவதைவிட அமைதியான வேலை. அது இறுகிய பின் ரீமரை மறுபடி கையால் ஒருமுறை ஓட்டுங்கள். சீட் வெட்டுவது அதற்கும் பிறகுதான்.

சீட் வெட்டும் கட்டரை நீங்களே செய்யலாம். 9 மி.மீ. சில்வர் ஸ்டீல் தண்டின் முனையில் கைட்டுக்குள் இறுக்கமாக வழுக்கி வழிகாட்டும் மெல்லிய முனை ஒன்றை, அதாவது பைலட்டை, கடைந்து, அதே பிடியில் 45 பாகை கூம்பையும் கடையுங்கள். பைலட்டைக் கடைந்து, கழற்றித் திருப்பிப் பிடித்துக் கூம்பைக் கடைந்தால் பழைய கதைதான். பற்களை அரத்தால் ஒற்றைப்படையில், ஐந்தாக வெட்டுங்கள். இரட்டைப்படையில் வெட்டினால் அதிர்ந்து சீட்டில் அலை விழும். செந்நிறம் வரும்வரை சுடவைத்துத் தண்ணீரில் அமிழ்த்தி, பிறகு வெளிர் வைக்கோல் நிறம் வரும்வரை மெல்லச் சூடாக்கி இளக்குங்கள். இந்தக் கட்டரை விரல்களால் மட்டும் சுற்ற வேண்டும். டிரில்லில் பூட்டவே கூடாது. சீட்டின் அகலம் கால் மி.மீ. வந்தால் நிறுத்திவிடுங்கள். ஒரு மி.மீ. அகலச் சீட் பலமானது என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பிரிங்கின் அழுத்தம் நான்கு மடங்கு பரப்பில் பரவிப்போகும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வால்வைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, லேத்காரர் நீங்கள். டூல் வெட்டாமல் உரசினால் ஸ்டெயின்லஸ் போல்ட்டின் மேற்பரப்பு கடினமாகிவிடும், ஆகவே கூரான டூல், தயங்காத வெட்டு. மெல்லிய தண்டு டூலுக்கு விலகி நடுவில் பருக்கும்; முழுவதையும் ஒரே நீளத்தில் வெட்டாமல், சக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்து, ஒவ்வொரு பகுதியையும் கிட்டத்தட்டக் கடைசி அளவுக்கு ஒரே வெட்டில் இறக்கி வாருங்கள். கடைசி 0.02 மி.மீ.ஐ எண்ணெய் தோய்த்த எமரித் தாளால், தட்டையான குச்சியில் சுற்றி எடுக்கலாம். தண்டு முடிந்த அதே பிடியில், டூலைத் தாங்கும் மேல் சிலைடை 45 பாகைக்குத் திருப்பி முகத்தைக் கடையுங்கள்.

இதற்குப் பிறகு அரைப்பது என்றால் பிராசோ போன்ற மினுக்கும் திரவத்தில், விரலால் சில திருப்பல்கள். அதையும் உண்மையான வால்வில் செய்யாமல், அதே கோணத்தில் கடைந்த ஒரு பொய் வால்வில் செய்வது நல்லது. கரடுமுரடான பேஸ்ட்டின் துகள் வெண்கலத்தில் புதைந்துகொண்டால், எஞ்சின் ஓடும்போதும் அரைத்துக்கொண்டே இருக்கும்.

சரி, சோதனைக்கு வருவோம். மண்ணெண்ணெய் நல்ல சாட்சி இல்லை. நன்றாக அடைத்த சீட்டிலும் அது மெல்ல ஊறி நனைக்கும். எவ்வளவு கசிகிறது என்றும் சொல்லாது. பாமசியில் 60 மி.லீ. சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். போர்ட்டின் (வால்வுக்குப் பின்னால் காற்றோ புகையோ போகும் வழியின்) வாயை மூட, நடுவில் துளையிட்ட ஒரு தகடு, அதன் கீழ் சைக்கிள் ரியூப் துண்டு, தகட்டிலிருந்து சிரிஞ்சுக்குக் குட்டையான தடித்த குழாய். போர்ட்டிலிருந்து காற்றை இழுக்கும்போது வால்வு சீட்டில் போய் அமரும்; எஞ்சினில் அமுக்கம் தள்ளுவதும் அதே திசையில்தான். போர்ட் வழியே ஊதினால் வால்வு திறக்கப் பார்க்கும், அந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை.

ஆனால் இழுக்கும்போது கைட் வழியாகவும் காற்று வரும். அதற்காகத் தண்டைச் சுற்றிக் கட்டியான கிரீஸ் அப்பிவிடுங்கள். கைட்டில் சிறிது கசிந்தால் அமுக்கம் போகாது, ஏனென்றால் வால்வு மூடியிருக்கும்போது கைட் வெளிப்பக்கம். இதை அறியாமல் நல்ல சீட்டை மறுபடி மறுபடி வெட்டியவர்கள் உண்டு.

தகட்டை முதலில் ஒரு கண்ணாடித் துண்டில் வைத்து, சிரிஞ்சை 10 மி.லீ. கோட்டிலிருந்து 40க்கு இழுத்து, 20 வினாடி பிடித்துவிட்டு விடுங்கள். திரும்பப் போய் எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் பூச்சியம். ரப்பரின் உராய்வால் ஒன்றிரண்டு மி.லீ. தள்ளி நிற்கும், பரவாயில்லை. இதைச் செய்யாமல் ஹெட்டைக் குறை சொல்ல வேண்டாம். கசிவு உங்கள் குழாயிலேயே இருக்கலாம். பிறகு ஸ்பிரிங் பூட்டிய நிலையில் ஒவ்வொரு வால்வாக அதே மாதிரி. பூச்சியத்தைத் தாண்டி எத்தனை மி.லீ.யில் நிற்கிறதோ அவ்வளவு வெளிக்காற்று உள்ளே வந்திருக்கிறது.

எவ்வளவு வரலாம்? உங்கள் எஞ்சின் கிட்டத்தட்ட 10.9 சி.சி. நிமிடத்துக்கு 300 சுற்றில் சுற்றினாலும் ஓர் அமுக்க ஓட்டம் பத்தில் ஒரு வினாடியில் முடிந்துவிடும். 20 வினாடியில் 5 மி.லீ. என்றால் வினாடிக்குக் கால் மி.லீ. எஞ்சினுக்குள் அழுத்தம் பல மடங்கு என்பதால் கசிவும் பல மடங்காகும் என்று கணக்கிட்டாலும் அந்தக் குறுகிய நேரத்தில் போவது அற்பம். ஆகவே 5 மி.லீ.க்குள் வந்தால் பூட்டி ஓட்டுங்கள், ஓட ஓட இன்னும் படியும். சிரிஞ்ச் இழுத்த இடத்திலேயே நின்றுவிட்டால் பென்சிலுக்குத் திரும்புங்கள். எண் சரியாக வேண்டும் என்றால் குளிர்சாதனப் பெட்டி திருத்துபவரிடம் வாக்குவம் பம்பும் கேஜும் இருக்கும், ஹெட்டைக் கொண்டுபோய் ஒரு பத்து நிமிடம் கேளுங்கள்.

சிரிஞ்ச் எவ்வளவு என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. வால்வா, கூட்டின் வெளிச்சுற்றா என்று சந்தேகம் இருந்தால், ஹெட்டை ரப்பர் வைத்துத் தட்டையான தகட்டில் பூட்டி, பழைய பிளக்கின் ஓட்டில் சைக்கிள் ரியூப் வால்வு ஒன்றைப் பற்றவைத்து, தண்ணீருக்குள் அமிழ்த்தி சைக்கிள் பம்பால் மெதுவாக அடியுங்கள். குமிழி போர்ட்டின் வாயிலா, கூடு அமர்ந்த விளிம்பிலா, பிளக்கின் அடியிலா என்பது கண்ணுக்குத் தெரியும். கூட்டின் விளிம்பில் வந்தால் சீட்டைத் தொடாமல் கூட்டைச் சூடாக்கிக் கழற்றி மறுபடி ஒட்டுங்கள்.

இரண்டு வால்வும் தேறிய பிறகும் கையில் அமுக்கம் தெரியவில்லை என்றால், வால்வின் தண்டைத் தள்ளித் திறக்கும் ராக்கரைப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் ராக்கருக்கும் தண்டுக்கும் இடையே சாதாரண அச்சுத்தாள் ஒன்று, அதாவது சுமார் 0.1 மி.மீ., உரசி நுழைய வேண்டும். நுழையாவிட்டால் வால்வு சீட்டில் அமரவே இல்லை. அதுவும் சரி என்றால் பிளக் துளை வழியே சில சொட்டு எஞ்சின் எண்ணெய் விட்டுச் சுற்றுங்கள். அமுக்கம் சட்டென்று கூடினால் குறை ஹெட்டில் இல்லை, பிஸ்டனின் ரிங்கில் இருக்கிறது. ரிங்கின் வெட்டு இடைவெளியையும் சிலிண்டரின் வட்டத்தையும் அளந்து எழுதுங்கள், அடுத்ததாக அதைப் பார்க்கலாம்.