வட்டியில்லா தவணைக்கு 27 சதவீத வட்டி

கேள்வி: சிங்கப்பூர் யீஷூன்ல இருக்கேன், வேலை ஜூரோங் ஈஸ்ட்ல. சிபிஎஃப் (சேமநிதி) போக கைக்கு 2,240 வெள்ளி வருது. எம்ஆர்டி ரயில் இரைச்சல் தாங்கல, 499 வெள்ளிக்கு ஒரு வயர்லெஸ் ஹெட்போன் பாத்து வச்சிருக்கேன், ஆப்ல மூணு தவணை, வட்டி இல்ல. ஏற்கெனவே ரெண்டு ஆப்ல தவணை ஓடுது, எல்லாம் கிரெடிட் கார்டுலதான் கழியுது. கார்டுல 1,900 நிக்குது, ஆனா மாசாமாசம் கட்ட வேண்டிய மினிமம் தொகைய தவறாம கட்டிடுறேன். ஊர்ல மச்சான் பையனும் அதே மாடல் கேக்குறான். வாங்கலாமா?

பதில்: மினிமம் தவறாம கட்டுறேன்னு பெருமையா எழுதியிருக்கீங்க, பிரச்சினையே அதுதாங்க. இங்க கார்டு வட்டி வருஷத்துக்கு 27 சதவீதம் பக்கம், 1,900க்கு மாசம் சுமார் 43 வெள்ளி. மினிமம் 3 சதவீதம்னு வச்சா நீங்க கட்டுறது 57, அசல்ல குறையறது வெறும் 14. இப்படியே போனா வருஷத்துக்கு வட்டி மட்டும் 500 கிட்ட, நீங்க கேக்குற ஹெட்போன் காசு அப்படியே பேங்க்குக்குப் போகுது.

இன்னொன்னு, கார்டுல பாக்கி நின்னா புதுசா தேய்க்கறதுக்கும் பெரும்பாலும் வட்டியில்லா நாள் கிடைக்காது, அன்னைலேர்ந்தே வட்டி ஓட ஆரம்பிச்சிடும். ஆப்காரன் வட்டி கேக்கலதான், ஆனா அவன் அந்த 166 வெள்ளிய மாசாமாசம் உருவுறது உங்க கார்டுலேர்ந்துதானே? 2022ல இந்த தவணை ஆப்களுக்கு வந்த நடைமுறை விதிப்படி கூடுதலா செக் பண்ணாம 2,000 வெள்ளிக்கு மேல பாக்கி ஏத்த விடமாட்டாங்க, ஆனா அது கம்பெனிக்கு கம்பெனி தனி, மூணு ஆப் இருந்தா கணக்க நீங்களே போட்டுக்குங்க.

ஹெட்போன் வேணாம்னு சொல்லல. ரயில் உறுமலக் குறைக்கிற நாய்ஸ் கேன்சலிங் நூறு வெள்ளிக்குள்ளயே வருது, சவுண்ட்கோர் க்யூ20ஐ மாதிரி. பக்கத்து சீட்டு பேச்சு எந்த விலையிலயும் முழுசா போகாது. எல்டாக் எல்டாக்னு (ப்ளூடூத்ல பாட்ட இன்னும் தெளிவா அனுப்புற ஒரு முறை) பெட்டியில பெருசா போட்டிருக்கறத நம்பி காசு ஏத்தாதீங்க, ஐபோன்ல அது வேலையே செய்யாது. வாங்குறதா இருந்தா டெபிட்ல ஒரே தடவையா கட்டுங்க.

அப்புறம் மாசம் 300 கார்டுக்கு, புதுசா எதுவும் தேய்க்காம இருந்தா ஏழு மாசத்துல முடிஞ்சிடும். ஓடுற ரெண்டு தவணையையும் இன்னைக்கே டெபிட்டுக்கு மாத்துங்க. மச்சான் பையனுக்கு இந்த தடவை இல்லைன்னு சொல்லிடுங்க, கோவிச்சுக்கிட்டா நாலு நாள் கோவிச்சுக்கட்டும்.