மூலையா, விளிம்பா, முகமா? படிகப் பன்முகிகள் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: சிலிக்கேட்டுகளில் நான்முகிகள் (சிலிக்கனைச் சூழ்ந்த நான்கு ஆக்சிஜன்களை மூலைகளாகக் கொண்ட வடிவங்கள்) மூலையால் மட்டுமே இணைகின்றன என்கிறார்கள். விளிம்பைப் பகிர்ந்துகொண்டால் என்ன ஆகிவிடும்?

பதில்: நடுவில் இருக்கும் சிலிக்கன் அயனிகள் ஒன்றையொன்று மிகவும் நெருங்கிவிடும். மூலையால் நேர்கோட்டில் இணைந்த இரண்டு ஒழுங்கான நான்முகிகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தொலைவை 1 என்று கொண்டால், விளிம்பைப் பகிரும்போது அது 0.58 ஆகவும், முகத்தைப் பகிரும்போது 0.33 ஆகவும் குறைகிறது. சிலிக்கன்–ஆக்சிஜன் பிணைப்பு நீளமான 1.61 ஆங்ஸ்ட்ராமை (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) வைத்துக் கணக்கிட்டால், விளிம்புப் பகிர்வில் இரு சிலிக்கன்களுக்கும் இடையே 1.86 ஆங்ஸ்ட்ராம்தான் மிஞ்சும். குவார்ட்ஸிலோ அது 3 ஆங்ஸ்ட்ராமுக்குச் சற்று மேல். நான்கு நேர்மின்சுமை கொண்ட அயனிகள் அவ்வளவு நெருக்கத்தைத் தாங்கா. 1929-இல் வேதியியலாளர் லைனஸ் பவுலிங் வகுத்த ஐந்து விதிகளில் மூன்றாம் விதி இதைத்தான் சொல்கிறது: விளிம்பையோ, அதைவிட முகத்தையோ பகிர்ந்தால் அமைப்பின் நிலைத்தன்மை குறையும். மின்சுமை குறைந்தால் கெடுபிடியும் தளர்கிறது: ஒற்றைச் சுமையே உடைய லித்தியத்தின் ஆக்சைடில் நான்முகிகள் தம் விளிம்புகள் அனைத்தையும் பகிர்ந்துகொண்டு நிலையாகவே இருக்கின்றன.

கேள்வி: ரூட்டைல், அனடேஸ் இரண்டுமே டைட்டேனியம் டை ஆக்சைடுதான். எண்முகிகளின் (டைட்டேனியத்தைச் சூழ்ந்த ஆறு ஆக்சிஜன்களை மூலைகளாகக் கொண்ட வடிவங்களின்) இணைப்பில் என்ன வேறுபாடு?

பதில்: ரூட்டைலில் ஒவ்வொரு எண்முகியும் 2 விளிம்புகளைப் பகிர்கிறது, அதே சேர்மத்தின் மற்றொரு வடிவமான புரூக்கைட்டில் 3, அனடேஸில் 4. சூடாக்கினால் அனடேஸ் ரூட்டைலாக மாறிவிடுகிறது, திரும்புவதில்லை. விதிக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது என்று பாடம் நடத்துவோர் மகிழ்வதும் இயல்பே. ஆயினும் இரண்டுக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாடு ஒரு மோலுக்குச் சில கிலோஜூல்தான் என்பதால், துகள் சில நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்துவிட்டால் மேற்பரப்பு ஆற்றல் முந்திக்கொண்டு அனடேஸையே நிலைநிறுத்திவிடுகிறது.

கேள்வி: மாணிக்கக் கல்லில் எண்முகிகள் முகத்தையே பகிர்கின்றன. விதிப்படி அது நலிந்த அமைப்பாக அல்லவா இருக்க வேண்டும்?

பதில்: நல்ல கேள்வி, விதியை மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறும் இடம் இதுதான். மாணிக்கமும் நீலமும் அலுமினியம் ஆக்சைடான குருந்தத்தின் வகைகள் (ஆங்கிலத்தில் வழங்கும் கொரண்டம் என்ற பெயரே நம் குருந்தத்திலிருந்து போனதுதான்). இதில் ஒவ்வொரு எண்முகியும் ஒரு முகத்தை அண்டை எண்முகியோடு பகிர்கிறது. எண்முகி ஒழுங்காக இருந்திருந்தால் இரு அலுமினியங்களுக்கும் இடையே ஏறத்தாழ 2.2 ஆங்ஸ்ட்ராம்தான் இருக்கும். அளந்து பார்த்தால் 2.65 இருக்கிறது. அலுமினியம் பொதுமுகத்தை விட்டு விலகி உட்கார்ந்திருப்பதால், அந்த முகத்தின் 3 ஆக்சிஜன்கள் 1.97 ஆங்ஸ்ட்ராம் தொலைவிலும், எதிர்முகத்தின் 3 ஆக்சிஜன்கள் 1.86 ஆங்ஸ்ட்ராம் தொலைவிலும் அமைகின்றன. பொதுமுகத்தின் ஆக்சிஜன்களோ தமக்குள் 2.52 ஆங்ஸ்ட்ராம் அளவுக்கு நெருங்கி, இரு நேரயனிகளுக்கும் நடுவே திரைபோல நின்று விலக்குவிசையை மட்டுப்படுத்துகின்றன. ரூட்டைலிலும் இதே கதைதான்: பகிரப்படும் விளிம்பு 2.53, பகிரப்படாதவை 2.78 முதல் 2.96 வரை. ஆகவே முகப் பகிர்வு நடக்கவே கூடாது என்று பவுலிங் சொல்லவில்லை. நடந்தால் அதற்குரிய விலை எண்முகியின் வடிவத்தில் தெரியும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கட்டமைப்புத் தரவைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது பகிர்ந்த விளிம்பின் நீளத்தைத்தான்.

கேள்வி: விலக்குவதற்குப் பதிலாக நேரயனிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதும் உண்டா?

பதில்: உண்டு. வனேடியம் டை ஆக்சைடு 68 டிகிரி செல்சியஸுக்கு மேல் ரூட்டைல் அமைப்பில் இருக்கும். விளிம்பால் கோத்த சங்கிலியில் வனேடியங்கள் 2.85 ஆங்ஸ்ட்ராம் சம இடைவெளியில் நிற்கும். குளிர்ந்ததும் அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து, இடைவெளிகள் 2.62, 3.16 என்று மாறிமாறி வரும். மின்கடத்தலும் சட்டென்று சரிந்துவிடும். உலோக அயனியின் டி கூட்டில் மிச்சமிருக்கும் எலக்ட்ரான் உலோகம்–உலோகப் பிணைப்புக்குப் பயன்படும் இத்தகைய இடங்களில் வெறும் அயனிக் கணக்கு செல்லாது.

கேள்வி: அப்படியானால் இந்த விதிகளை எவ்வளவு நம்பலாம்?

பதில்: சுமார் 5,000 ஆக்சைடுகளைச் சோதித்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டாம் விதி முதல் ஐந்தாம் விதி வரை அனைத்துக்கும் ஒருசேர உட்பட்டவை 13 விழுக்காடுதான். சிறிய, சுமை மிகுந்த நேரயனியிடம் நம்பலாம். மற்றவற்றில் தொலைவுகளை அளந்து பாருங்கள்.